ஆறு பேருக்கு ஒரு பெஞ்சு

நிறைமதி மூன்றாவது நாளாக அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல், படிப்பகத்து மேசையில் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போன ஐப்பசி மாதத்து மத்தியானத்தில், கேள்விக்குள் இருந்த ஆறு பேரும் ஒரு மணி மினி பஸ்ஸில் வந்து எங்கள் கருவேலங்குளத்தில் இறங்கினார்கள்.

அவர்கள் எங்கே ஏறினார்கள் என்று கண்டக்டர் செல்லப்பாண்டிக்குத் தெரியவில்லை. கண்மாய்ப் பாலம் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது காலி பஸ்ஸுக்குள் ஆறு பேர் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள் என்றும், "அம்புட்டு சீட்டும் காலியாக் கெடக்கு, உக்காருங்கய்யா" என்று அவர் சொன்னதற்கு, அதில் குடை வைத்திருந்தவர், "எங்களை இன்னும் உட்கார வைக்கலையே தம்பி" என்று சிரித்தார் என்றும், அதற்கு மேல் ஒரு கண்டக்டர் என்ன கேட்க முடியும், ஆறு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன் என்றும் அவர் சொன்னார். எங்கள் ஊரில் யாரும் திடுக்கிடவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செத்தவர்கள் எழுந்து வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிற ஊர் இது. தோண்டாத கிணற்றுக்குக் கல்வெட்டு வைத்திருக்கிற ஊர் இது. கேள்வித்தாளிலிருந்து ஆறு பேர் இறங்கி வந்தால் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள்.

படிப்பகம் காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. முப்பது வருடங்களுக்கு முன்னால் நாங்கள் மண் சுமந்து கட்டியது. அதிலுள்ள பனைமரத்துப் பெஞ்சு, ஒரு கோடி சுவரோடு ஒட்டி, தெருவைப் பார்த்துக் கிடக்கும். ஆறு பேர் உட்காரலாம். ஊரில் வேறு நீளப் பெஞ்சு கிடையாது. ஏன் கிடையாது என்பதற்கு ஒரு கதை உண்டு. குருவையா டீக்கடையில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் காலனிக்காரன் உட்காரக் கூடாது என்றிருந்ததால் நாங்கள் பதினொரு பேர் ஒரு காலையில் போய் உட்கார்ந்தோம். அடி வாங்கினோம். எங்கள் மேலேயே வழக்குப் போட்டார்கள். பத்தொன்பது வருடம் நடந்தது. எங்களுக்கு வாதாடிய வக்கீல் ஒருநாள்கூட எங்கள் பெயர்களைச் சரியாகச் சொன்னதில்லை. எழுந்தார், வாய்தா வாங்கினார், உட்கார்ந்தார். ஒன்பது பேர் குற்றவாளியாகவே செத்தார்கள். மிஞ்சிய எனக்கும் இருளப்பனுக்கும் ஆங்கிலத்தில் ஒரு தீர்ப்பு கிடைத்தது. விடுதலை என்று அதன் கடைசி வரிக்கு யாரோ அர்த்தம் சொன்னார்கள். அதற்கெல்லாம் முன்னாலேயே குருவையா பெஞ்சை எடுத்துவிட்டார். அன்று முதல் ஊரில் எல்லோரும் நின்றுகொண்டுதான் டீ குடிக்கிறோம். இதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்துப் போன அதிகாரிகளை எனக்குத் தெரியும்.

அதனால்தான் நிறைமதி வக்கீலுக்குப் படிப்பேன் என்று சொன்னபோது காலனி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெரிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு நாடு முழுவதற்குமாக ஒரு நுழைவுத்தேர்வு உண்டு. டிசம்பர் முதல் ஞாயிறு. அதில் தர்க்கக் கேள்விகள் வரும். சொன்னதிலிருந்து சொல்லாததைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் சொல்லாததை நாமாகச் சேர்த்துவிடக் கூடாது. மதுரை நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றை வைத்துத்தான் அவள் படித்தாள். அதில் விடைப் பக்கங்களை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள். அவளுடைய அம்மா பேச்சி, பஞ்சாயத்தில் குப்பை வண்டி தள்ளுகிறவள், கறாராகச் சொல்லிவிட்டாள்:

"ஒரு தடவ எழுது. வந்தா வக்கீலு. வரலேன்னா தைப்பொங்கல் கழிஞ்சதும் பனியன் கம்பெனி வேன்ல ஏறிரணும். அங்கிட்டும் இங்கிட்டும் நிக்கக் கூடாது."

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த நிறைமதி, படிப்பகத்துக்குள் நின்ற ஆறு பேரையும் பார்த்தாள். புத்தகத்தைத் திருப்பினாள். அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த முந்நூறு பக்கமும் வெள்ளையாக இருந்தது. ஓர் எழுத்து இல்லை.

"இவுகள உக்கார வச்சாத்தான் அடுத்த கேள்வி வரும் போல, பெரியப்பா" என்றாள் என்னிடம். அவ்வளவுதான் சொன்னாள். பேனாவை எடுத்துக்கொண்டாள்.

கேள்வி இதுதான். ஒரே பெஞ்சில் தெருவைப் பார்த்து ஆறு பேர் உட்கார வேண்டும். அவர்களுக்குப் பெயர் கிடையாது, ஆங்கில எழுத்துதான்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப். ஈ இடது கோடியில்தான் உட்காருவார். ஏ கோடியில் உட்கார மாட்டார். ஏ-க்குப் பக்கத்து இடத்தில் பி, சி, டி மூவரில் யாரும் இருக்கக் கூடாது. சி, பி-யையும் டி-யையும் இரு பக்கமும் ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். டி-யும் கோடியில் உட்கார மாட்டார். அப்படியானால் வலது கோடியில் இருப்பவர் யார்?

தவறாக உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை அன்று சாயங்காலமே பார்த்துவிட்டோம். அவர்கள் குனிவார்கள், பெஞ்சில் படும் முன்பே ஆறு பேரும் ஒரே நேரத்தில், ஒரு பெருமூச்சோடு, நிமிர்ந்து நின்றுவிடுவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. உடம்பு விடாது. முட்டி மடங்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆறு பேரும் படிப்பகத்துக்குள் நின்றார்கள். இரவும் நின்றார்கள், பகலும் நின்றார்கள், தீபாவளிக்கு நின்றார்கள், கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த அன்றும் நின்றார்கள். ஊர் அவர்களைச் சுற்றிப் பழகிக்கொண்டது, ஓடை நடுவில் கிடக்கும் பாறையைத் தண்ணீர் சுற்றிப் பழகிக்கொள்வது போல. வெறும் எழுத்தைச் சொல்லிக் கூப்பிட எங்கள் பெண்களுக்கு நாக்கு வரவில்லை, முறை வைத்தார்கள். சுவரில் சாய்வதற்காகவே இடது கோடி கேட்டவர் போலிருந்த இருமல்காரக் கிழவர் ஈ தாத்தா ஆனார். குடையும் தொந்தியும் சிரிப்புமாக இருந்தவர் பி மாமா. தோள்பையோடு இருந்த அம்மாள் சி டீச்சர். நின்றபடியே பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து சொல்லிக்கொடுத்தார், தன் எழுத்தை மட்டும் இரண்டு முறை சொல்வார். மூக்குக்கண்ணாடி போட்ட டி அண்ணாச்சி, குழாயடிச் சண்டைகளை ஜன்னல் வழியாகவே தீர்த்து வைத்தார். ஆள் உயரமாக, சட்டை மடிப்புக் கலையாமல், கைக்கடிகாரத்தோடு, பக்கவாட்டில் திரும்பிப் பார்க்காமல் நின்றவரை எல்லோரும் ஏ சார் என்றார்கள். நாவிதர் முனியாண்டி வாரம் ஒருமுறை வந்து நின்றவர்களுக்கு நின்றபடியே சவரம் செய்தார். கிராம அதிகாரி வந்து, நிரந்தர முகவரி என்ன என்று கேட்டார். "பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்றார் பி மாமா. அவர் அதை எழுதிக்கொண்டு போனார்.

ஏழாம் நாள் கிழக்குத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் வந்து ஆறு பேருக்கும் சூடம் காட்டிவிட்டுப் போனாள். பகுத்தறிவுப் படிப்பகத்துக்குள் சூடம். நான் கத்தினேன்.

"யோவ், விடும்" என்றான் இருளப்பன். "முப்பது வருசமா ஒம்ம துண்டறிக்கையப் படிக்க உள்ள வராதவ, இன்னைக்கித்தான் படியேறி வந்திருக்கா."

எஃப்-ஐப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஊரிலும் அப்படித்தான், எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவர் நினைவு வரும். அவரைப் பற்றிக் கேள்வியில் ஒரு நிபந்தனையும் இல்லை. இங்கே உட்காருவார், இங்கே மாட்டார், இவர் பக்கம் ஆகும், இவர் பக்கம் ஆகாது என்று ஒரு வார்த்தை இல்லை. அதனாலோ என்னவோ அவர் கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை, சேலைக்கு இன்ன நிறம் என்று சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மறந்துவிடும். டீயா காப்பியா என்று கேட்டால் தலையாட்டுவார். எதற்கு ஆட்டினார் என்று தெரியாமல் மிச்சமிருப்பதைக் கொடுப்போம். மற்ற ஐந்து பேருக்கும் ஓரடி பின்னால் நின்றார். அவருக்கு மட்டும் யாரும் முறை வைக்கவில்லை. எஃப் என்றோம், அல்லது அந்தப் பொம்பளை என்றோம். வந்த மறுநாள் காலையில் நாங்கள் போனபோது அவர் படிப்பகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. நாற்பது நாள் பெருக்கினார். நாற்பது நாளும் நாங்கள், சமத்துவம் என்ற சொல்லை அச்சுக்கூடத்தில் பெரிய எழுத்தில் கோக்கச் சொல்லிச் சண்டை போட்ட நாங்கள், அவர் பெருக்குவதற்காகக் காலைத் தூக்கிக்கொண்டோம்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள், களையெடுத்துத் திரும்புகிற பெண்கள் கூடையை இறக்கிவைத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள், செல்லப்பாண்டி பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்துச் சொல்லிவிட்டுப் போவார். நிறைமதி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின்படியும் அவர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு முறையும் ஆறு பெருமூச்சு கேட்டு, அடித்துவிட்டு, அடுத்த வரி எழுதினாள். எந்த யோசனையானாலும் ஆரம்பம் ஒன்றுதான். ஈ தாத்தா சுவரோரம். எஃப் அந்தக் கடைசியில். நடுவில் நாலு பேரை எப்படிப் போடுவது என்பதுதான் பேச்சு. எப்படிப் போட்டாலும் ஏ சாருக்கு ஒரு பக்கமாவது பி-யோ சி-யோ டி-யோ வந்து உட்கார்ந்தார்கள். எழுந்துகொண்டார்கள்.

எனக்கு ஏ மேல் ஆத்திரம் வந்தது. இவருக்குப் பக்கத்தில் மூன்று பேர் உட்காரக் கூடாதாம். ஏன்? யார் கொடுத்த உரிமை? இருநூறு பிரதி துண்டறிக்கை அடித்தேன். "ஏ-யே, பதில் சொல்!" என்று தலைப்பு. மூவரைத் தீண்டாத உன் ஆணவத்தை வரலாறு மன்னிக்காது என்று முடித்திருந்தேன். முதல் பிரதியை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒரு வரி விடாமல் படித்தார், நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், "நன்றி" என்றார்.

இருளப்பன் சிரித்து இருமினான். "அவரு கேள்வியில இருக்காருய்யா. கேள்வியப் போயிக் கண்டிச்சு நோட்டீசு அடிக்கிற ஒரே ஆளு நீருதான்."

ஊர்த்தெருவுக்காரர்களோ ஏ சாரைத் தங்கள் ஆள் என்று முடிவு செய்துவிட்டார்கள். நடையும் நிமிர்வும் பேசாத வாயும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் ராஜமாணிக்கம், "எங்க சம்பந்தி வழியில ஒரு கெள இருக்கு, அந்த வம்சம் பூரா அச்சு இதே மூக்கு" என்று சொல்லி, வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்றை ஆள் வைத்துத் தூக்கி அனுப்பினார். ஏ சார் அதைப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. நாற்காலி மழையில் நனைந்து திரும்பிப் போனது.

கார்த்திகை பிறந்தது. ஈ தாத்தாவின் கால்கள் வீங்கித் தூண்களாகிவிட்டன. பி மாமா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். நிறைமதி சாப்பிடுவதைக் குறைத்திருந்தாள். பரீட்சைக்கு மூன்று நாள் இருந்த வியாழக்கிழமை, புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்பால் இன்னும் வெள்ளைதான். பேச்சி குப்பை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, மகளையும் பெஞ்சையும் பார்த்தாள்.

"வேன்காரன் நேத்து வந்து பேர் கேட்டான்" என்றாள். "எழுதிக்கச் சொல்லவா?"

அந்த நேரம் பார்த்து ராஜமாணிக்கம் உள்ளே வந்தார். படிப்பகத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மழை விட்டிருந்தது, பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், காலனியும் திரண்டுவிட்டது.

"என்ன தாயி, முடியலையா?" என்றார். "இதுல என்ன கஷ்டம். அந்தா நிக்கிறாருல்ல, அவரு பெரிய எடம். மூணு பேரு ஆகாதுன்னு சொல்லிட்டாரு. அவருக்குன்னு தனியா ஒண்ணப் போட்டுட்டா முடிஞ்சுபோச்சு."

"பெஞ்சு ஒண்ணுதான்னு கேள்வியில இருக்கு" என்றாள் நிறைமதி.

"அப்ப ஈ தாத்தாவ ஒரு பக்கம் போடு. இன்னொரு பக்கம்தான ஒதைக்குது? அங்க யாரப் போடுவ? பி இல்ல, சி இல்ல, டி இல்ல. ஆளே இல்லையே."

"ஆறு பேரு இருக்காகளே" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

ராஜமாணிக்கம் பெருக்குமாறும் கையுமாக ஓரத்தில் நின்ற எஃப்-ஐ ஒரு பார்வை பார்த்தார். பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. "பி பக்கத்துலயே உக்காராதவரு, இது பக்கத்துலயா உக்காருவாரு?"

"எந்த நிபந்தனையில இருக்கு?"

"எதுக்கும்மா நிபந்தனை? எழுதியா வைப்பாக? தெரியாதா?"

அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை. மழை மேலிருந்து கீழே பெய்யும் என்று சொல்வது போலச் சொன்னார். நான் நிறைமதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவரிடம் சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. மெதுவாக நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கம், எஃப் கடைசியில். இரண்டாம் பக்கம், எஃப் கடைசியில். நாற்பது நாள், மாற்றி மாற்றி எழுதிய அதே இருபத்துநான்கு வரிசைகள், அத்தனையும் அவள் கையெழுத்து, அத்தனையிலும் எஃப் கடைசியில்.

"அவரு சொல்றது சரிதான், பெரியப்பா" என்றாள். "தெரியும். எழுதாமலே தெரிஞ்சிருக்கு. எனக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரு எடத்துலயும் எழுதல, நானாச் சேத்துக்கிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு மட்டுமா தெரிந்திருந்தது? துண்டறிக்கையில் ஏ தீண்டாத மூவருக்காக இருநூறு பிரதி நியாயம் கேட்டேன். எஃப்-க்கு அதில் ஒரு வரி இல்லை. அவரை நான்காவதாகச் சேர்த்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவர் பக்கத்தில் ஏ எப்படியும் உட்கார மாட்டார் என்பதை நானும், அடி வாங்கிய நானும், எழுதாத சட்டமாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அச்சுக்கூடத்துக்குப் போயிருக்கிறேன்.

நிறைமதி எழுந்தாள். ஈ தாத்தாவைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். அவரை அடுத்த இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டாள். பிறகு எஃப்-இடம் போய், அவர் கையிலிருந்த பெருக்குமாற்றை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்து மூன்றாவது இடத்தில் நிறுத்தினாள். அடுத்து டி அண்ணாச்சி. அடுத்து சி டீச்சர். வலது கோடியில் பி மாமா. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் இருந்தது. ஏ சார் ஒருவர்தான் மிச்சம்.

வெளியே புளியமரத்திலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்றது. நிஜமாகவே நின்றது, துளிகள் இலை நுனியில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ராஜமாணிக்கம் பல்லைக் கடித்திருந்தார். ஏ சார் முன்னால் நடந்தார். இரண்டாவது இடத்தின் முன் திரும்பி நின்றார். வேட்டியை ஒதுக்கினார். ஆறு பேரும் குனிந்தார்கள்.

உட்கார்ந்தார்கள்.

பனைமரப் பலகை ஒரு சத்தம் போட்டது. நாற்பது நாள் நின்ற ஆறு உடம்புகளின் பாரத்தை முதல்முறையாக வாங்கிக்கொண்ட மரத்தின் சத்தம். அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை, ஊருக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கதவு திறந்தது போல் இருந்தது. ஈ தாத்தா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். பி மாமா குடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எஃப்-க்கு இடம் போதவில்லை. ஏ சார் அதைப் பார்த்தார். ஈ தாத்தா பக்கமாகத் தன்னை நகர்த்தி, அவருக்கு நாலு விரல் இடம் விட்டார்.

ராஜமாணிக்கத்தால் தாங்க முடியவில்லை. "ஐயா, நீங்க அந்தப் பொம்பள பக்கத்துல உக்காருவீகளா?"

ஏ சார் நாற்பது நாளில் முதல்முறையாகப் பக்கவாட்டில் திரும்பினார். "உட்காருவேனே" என்றார். "என்னை யாரும் கேக்கலையே." கீழே குனிந்து தன் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "ரொம்ப வலிக்குது" என்றார்.

அப்போதுதான் நாங்கள் எஃப்-ஐப் பார்த்தோம். அவருக்கு முகம் வந்திருந்தது. இல்லை, முகம் இருந்தே இருக்கிறது, எங்களுக்குக் கண் வந்திருந்தது என்பதே சரி. இடது புருவத்தில் ஒரு தழும்பு, ஈறு தெரியச் சிரிக்கிற வாய், நாற்பது வயதுக்குரிய நரை. சேலை கத்தரிப்பூ நிறம். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார், உட்கார்ந்தபடி பார்த்தால் தெரு எப்படி இருக்கும் என்று பார்க்கிறவர் போல. பேச்சி அவர் முன்னால் போய் நின்று, "மதினி, டீயா காப்பியா?" என்று கேட்டாள்.

"சுக்குக் காப்பி" என்றார் எஃப். "சீனி வேண்டாம், கருப்பட்டி போட்டு."

குருவையா தன் கடையிலிருந்து தானே எடுத்து வந்து கொடுத்தார். ராஜமாணிக்கம் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

ஆறு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணி பஸ் வந்ததும் எழுந்து, ஏறி, வரிசை மாறாமல் பின் சீட்டில் உட்கார்ந்து போனார்கள். கைகாட்டியதில் யார் யாரென்று பிரிக்க முடியவில்லை. நிறைமதி புத்தகத்தைத் திறந்தபோது நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் எழுத்து ஈரத்தோடு ஊறி வந்துகொண்டிருந்தது.

மூன்று நாளில் முந்நூறு பக்கம். அந்த மூன்று நாளும் மினி பஸ் எங்கள் ஊரைத் தாண்டும்போதெல்லாம் கேள்விக்காரர்களால் நிரம்பி வழிந்ததை ஊரே பார்த்தது. வட்ட மேசையைச் சுற்றி உட்கார வேண்டிய எட்டுப் பேர், மாமனுக்கு மாமன் யார் என்று சொல்லவேண்டிய ஒரு முழுக் குடும்பம், வடக்கே பத்தடி கிழக்கே ஐந்தடி நடந்த மனிதர்கள், எல்லா மீனும் பறவை என்று சொல்லிக்கொண்டு போன ஒரு கூட்டம். யாரும் இறங்கவில்லை. இறங்கத் தேவையிருக்கவில்லை. நிறைமதி உள்ளே பேனாவை வைக்க வைக்க, அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடி, ஜன்னல் வழியாகத் தலையசைத்துப் போனார்கள். செல்லப்பாண்டிக்கு டிக்கெட் புத்தகம் தீர்ந்துபோய் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எழுதினாள். திரும்பி வந்து, "ஒவ்வொரு கேள்வியிலயும் மொதல்ல, எதுவும் சொல்லப்படாதவுக யாருன்னு தேடினேன்" என்றாள். மார்கழியில் முடிவு வந்தது. பனியன் கம்பெனி வேன் வந்தபோது பேச்சி, "எங்க வீட்டுல ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வாழ்க்கையில் அவள் ஒரு வண்டியை அவ்வளவு வேகமாகத் தள்ளி நான் பார்த்ததில்லை.

ஆனியில் நிறைமதி வடக்கே ஒரு நகரத்துக்கு ரயிலேறினாள். இரண்டு இரவு, ஒரு பகல். அங்கே எங்கள் பாஷை பேச ஒருவர் இல்லை. போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம் போன் வந்தது. பேச்சி அதைப் படிப்பகத்து மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். இருளப்பன், குருவையா, களையெடுப்பில் பாதியில் வந்த பெண்கள், எல்லோரும் நின்றோம்.

"சாப்பாட்டுக் கூடத்துல நீளமா ஒரு மேசை போட்டிருக்காங்கம்மா" என்றது அவள் குரல். "முப்பது பேரு உக்காரலாம். தட்டோட கொஞ்ச நேரம் நின்னேன். எல்லாரும் பேசிக்கிட்டிருந்தாக. யாரும் வான்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல."

"ம்" என்றாள் பேச்சி.

"நட்ட நடுவுல ஒரு எடம் கெடந்துச்சு. போயி உக்காந்துட்டேன்."

பேச்சி மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"பக்கத்துல இருந்தவ எந்திரிச்சாளாத்தா?"

"இல்லம்மா" என்றாள் நிறைமதி. "கரண்டிய நீட்டி, பருப்பு வேணுமான்னு அவ பாஷையில கேட்டா."